யாரும் வெல்லக்கூடாத தேர்தல்

பீப்.

தவராசா அண்ணன் கொடுத்த அட்டையைப் பஸ் வாசலில் இருந்த பெட்டியில் வைத்ததும் வந்த சத்தம் அது. அவ்வளவுதான், நான் டொராண்டோவில் இல்லை. திருச்சி உறையூரில், ஒரு மாநகராட்சிப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு அறையில் நிற்கிறேன். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள். இருபது வருஷமாகத் தேர்தல் பணிக்குப் போய்வரும் ஆசிரியனின் உடம்பு வேறெப்படி இருக்கும்? எங்கள் ஊர் வாக்குப்பதிவு இயந்திரத்தின் பீப் நீளமானது, இது அதன் குட்டி. ஆனாலும் ரத்த உறவு தெரிந்தது. எனக்குப் பின்னால் ஏறிய சீனத்து அம்மாளிடம், என்னையறியாமல், "அடுத்தவங்க வரலாம்" என்றேன். அவரும் தலையசைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கனடாவுக்கு நான் வந்தது ஒரு புடவையைக் கொடுப்பதற்காக.

தவராசா அண்ணனுக்கு ஊர் மட்டக்களப்பு. எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தார். ஒருநாள் காலையில் சைக்கிளை என் பெயருக்கு எழுதிவைத்த மாதிரி வாசலில் நிறுத்திவிட்டுக் கனடா போய்விட்டார். இப்போது அறுபத்து நான்கு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் போன் செய்தார். 'மகனே' என்பது அவர் ஊர்ப் பேச்சில் 'மனே'.

"மனே, ஒரு கூறைச் சேலை வேணும். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. தபால் பாசல்ல போடாத. நீயே கொண்டு வா. டிக்கெட் நான் அனுப்புறன்."

"யாருக்குண்ணே?"

"தேர்தல் முடியட்டும், சொல்றன்."

"எந்தத் தேர்தல்?"

"ஜனாதிபதித் தேர்தல்தான், வேற என்ன."

புடவைக்கும் ஜனாதிபதிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சமுத்திரம் முழுக்க யோசித்துக்கொண்டு பறந்தேன். கனடாவில் ஜனாதிபதி என்று ஒருவர் கிடையாதாம். ஒரு ராஜா இருக்கிறாராம், அவரும் வேறொரு நாட்டில். இதைப் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னபோது எனக்கு இன்னும் தலை சுற்றியது.

அண்ணன் குடியிருப்பது டோர்செட் பார்க்கில், ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தின் பதினான்காம் மாடியில். லிஃப்டில் ஏறினால் ஆறாம் மாடியில் கத்தரிக்காய்க் குழம்பு, ஒன்பதாம் மாடியில் சாம்பிராணி, பதினொன்றில் யாரோ கருவாடு பொரிக்கிறார்கள். மூக்கை வைத்தே எந்த மாடி என்று சொல்லிவிடலாம். ஜன்னலில் நின்றால், செப்டம்பர் வெயிலில் மரங்கள் மெல்லச் சிவக்கத் தொடங்கியிருந்தன. எல்லாம் இல்லை. கூட்டத்தில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் வெட்கம் வந்த மாதிரி.

வியாழக்கிழமை சாயங்காலம், இடியப்பமும் சொதியும் முடிந்தபிறகு, அண்ணன் விஷயத்துக்கு வந்தார்.

பன்னிரண்டாம் மாடியில் ரோசலின் அக்கா இருக்கிறார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், கொழும்பு கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை. கணவர் மரியநாயகம் இறந்து பதினாறு வருஷம். ஒரே மகள் ஷெரின், கனடாவிலேயே பிறந்தவள், வேலைக்காகப் பிக்கரிங்கில் தனியாக வீடெடுத்திருக்கிறாள். ரோசலின் அக்காவிடம் ஒரு கொப்பி, நம் ஊர் நோட்டு, உண்டு. அவருடைய அப்பா கொழும்புக் கச்சேரியில், அதாவது அவர்கள் ஊர்க் கலெக்டர் ஆபீசில், குமாஸ்தாவாக இருந்தவர், வாக்கு எண்ணும் பணிக்குப் போனவர். எண்பத்திரண்டில் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது மகளுக்குக் கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் கொழும்பின் முடிவுகள், தொகுதி தொகுதியாக, அதில் ஏறுகின்றன. முதலில் ரேடியோவைக் கேட்டு. பிறகு டொராண்டோவில் டெலிபோனில் கேட்டு. இப்போது கைப்பேசியைப் பார்த்து.

"அந்தக் கொப்பியில கடைசி நிரல் ஒண்டு இருக்கு, சிவப்புப் பென்சில் கோடு," என்றார் அண்ணன். "இரண்டாம் விருப்பு வாக்கு. எட்டுத் தேர்தலா வெறுமையாக் கிடக்கு."

இதை நம் ஊர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நமக்கு ஒரு பொத்தான், ஒரு பீப். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் காகிதச் சீட்டு. பிடித்தவருக்கு ஒன்று, அவர் இல்லாவிட்டால் இவர் என்று இரண்டு, அடுத்து மூன்று, இப்படி எண் போடலாம். யாராவது பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் கதை முடிந்தது, இரண்டையும் மூன்றையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால்தான் முன்னணி இருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சீட்டுகளில் இவர்களுக்குப் போட்ட இரண்டையும் மூன்றையும் சேர்த்து, இரண்டாம் எண்ணிக்கை. சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எண்பத்திரண்டு முதல் எட்டுத் தேர்தலிலும் அப்படி நடந்ததே இல்லை. எண்பத்தெட்டிலும் இரண்டாயிரத்து ஐந்திலும் நூலிழையில் தப்பியதாம்.

"பதினைஞ்சாம் ஆண்டுத் தேர்தல் முடிஞ்ச அண்டைக்கு நான் கேட்டன்," என்றார் அண்ணன், சொதிக் கோப்பையின் அடியைப் பார்த்தபடி. "கலியாணம் முடிப்பமோ எண்டு. அவ கொப்பியைப் பிரிச்சுக் காட்டினா. இந்த நிரல் நிரம்புற அண்டைக்கு வாங்கோ அண்ணை, யோசிப்பம் எண்டா."

"அதாவது, நடக்காதுன்னு."

"ஓம். கெட்டித்தனமாச் சொன்னா. பத்தொன்பதில ஒருத்தர் வடிவாப் பாதி தாண்டிற்றார். அண்டைக்கு நான் சாப்பிடல்ல. ஆனா மனே, இந்த முறை மூண்டு பேர் பலமா நிக்கிறாங்க." மூன்று விரல்களை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். "மூண்டு பேர். யாரும் வெல்லக்கூடாது."

உலகத்தில் எந்தத் தேர்தலிலாவது யாரும் வெல்லக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும். என் பெட்டியில் மஞ்சள் துணிப்பைக்குள், நான்காக மடித்த அரக்குப் பட்டு, எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அண்ணன் தன் பஸ் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வரும்வரை ஊர் சுற்றினேன். ஒரு காபிக்கடையில் நான்கு கிழவர்கள் கையில் கோப்பையோடு இலங்கையை ஆண்டுகொண்டிருந்தார்கள்.

"கொழும்பு தலைநகரே இல்லை. சட்டப்படி கோட்டே தான் தலைநகர்."

"அப்ப நீர் கோட்டேக்கு டிக்கெட் எடுத்துப் போய் இறங்கும் பாப்பம்."

"ஊரில என்ர தங்கச்சி இன்னும் ரொறன்ரோதான் கனடாவின்ர தலைநகர் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறா."

"சொல்லட்டும். ஒட்டாவாவுக்குக் கேக்கவா போகுது?"

அன்று சாயங்காலம் மில்லிக்கன் பக்கம் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்குப் போனோம். வல்லாரையும் முருங்கைக்காயும் குளிர்பெட்டிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன. அரிசி மூட்டைகளுக்கு அப்பால் இருந்து ஒரு பெண் குரல், "இஞ்சருங்கோ" என்றது. எங்கள் ஊரில் மனைவிமார் "ஏங்க" என்று கூப்பிடுவது மாதிரி. அந்த ஒரு சொல்லுக்குக் கடையில் இருந்த ஆறு ஆண்கள் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். ஒருவர் கையில் தேங்காய், ஒருவர் கையில் தீப்பெட்டிக் கட்டு. நான் சிரித்துச் சிரித்து வெண்டைக்காய்மேல் சாய்ந்துவிட்டேன். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. கருவேப்பிலையை முகர்ந்துகொண்டே சொன்னார்:

"எங்களைக் கூப்பிட ஆளில்லை மனே. அவ என்னை அண்ணை எண்டுதான் கூப்பிடுறா. கூப்பிடக் கூப்பிட எனக்கு ஒவ்வொரு வாக்காக் குறையுது."

சனிக்கிழமை. இங்கே காலை விடியும் நேரத்தில் அங்கே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. ஒன்பதரை மணிநேர வித்தியாசம். நாம் இட்லி சாப்பிடும்போது அவர்கள் பெட்டிக்குச் சீல் வைக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வாக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, டோர்செட் பார்க்கில் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலுக்கும் ஒரு வழக்கம். அடுக்கு மாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் விருந்து அறையை எடுத்து, பெரிய டி.வி. வைத்து, எல்லோரும் சேர்ந்து முடிவு பார்ப்பார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் முடிவுகள் வரத் தொடங்கும். ரோசலின் அக்கா கொப்பியோடு முதல் வரிசையில் உட்காருவார். ஆளாளுக்கு ஒரு சாப்பாடு கொண்டு வர வேண்டும்.

எங்களுக்குச் சொல்லப்பட்டது சுறா. ரோசலின் அக்கா வறை செய்வார், நம் ஊர் சுறாப்புட்டு மாதிரி. அண்ணனின் கார் ரிப்பேருக்காகக் கராஜில் கிடந்ததால் பஸ்ஸில் மீன் கடைக்குப் போனோம். புடவைப் பையையும் அண்ணன் எடுத்து வந்தார்.

"எதுக்குண்ணே இப்பவே?"

"முடிவு எப்ப வருமோ தெரியாது. கையில இருக்கட்டும்."

திரும்பி வரும்போதுதான் சிக்கல். ஒரு பையில் சுறா, ஒரு பையில் கூறை. மங்கலப் பொருளை மீனோடு சேர்த்து வைக்கலாமா? அண்ணனுக்கு மனம் வரவில்லை. அவர் மடியில் மீன் இருப்பதால் அங்கே வைக்க முடியாது. என் மடியில் வைக்கலாம், ஆனால் நான் மீன் கடையில் கைவைத்தவன். கடைசியில் பஸ்ஸில் எங்களுக்கு மூன்று வரிசை முன்னால், காலியாக இருந்த ஜன்னலோர இருக்கையில் புடவைப் பையைத் தனியாக உட்கார வைத்தார். மரியாதையாக, ஒரு பெண்ணை உட்கார வைக்கிற மாதிரி. வெயில் அதன்மேல் விழுந்தது. பக்கத்தில் உட்கார வந்த பையன்கூட அதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டான்.

பிறகு அண்ணன் கணக்குப் போட்டார். இவருக்கு நாற்பது என்றால், அவருக்கு முப்பத்தைந்து என்றால், மூன்றாமவர் இருபது எடுத்தால் என்று விரல்களை மடக்கினார். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவந்த மரத்தைப் பார்த்துக் கவிதை மாதிரி ஏதோ மனதில் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது. மீனைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

பஸ் கிளம்பி, சிக்னலைத் தாண்டி, வளைந்து மறைந்தபிறகுதான் அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். ஒரு கையில் சுறா. மற்றக் கையில் ஒன்றுமில்லை.

அவர் ஓடினார். அறுபத்து நான்கு வயது மனிதர், சுறா மீனோடு, கனடாவின் ஆறு தடச் சாலையோரத்தில் பஸ்ஸைத் துரத்தினார். நானும் ஓடினேன். ஒரு காரில் போனவர் கண்ணாடியை இறக்கி, "எதைத் துரத்துகிறீர்கள்?" என்று கேட்டார். அண்ணன் ஓடிக்கொண்டே தமிழிலேயே சொன்னார்: "கலியாணத்தை."

போக்குவரத்துக்காரர்களுக்குப் போன் செய்தோம். கிடைத்தால் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு வரும், செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள் என்றார்கள். "ரோசலினுக்கு ஒரு சொல்லும் சொல்லப்படாது," என்றார் அண்ணன். நான் தலையசைத்தேன்.

விருந்து அறையில் நாற்பது பேர். சுவரில் பிறந்தநாள் பலூன் ஒன்று பழைய விழாவிலிருந்து மீந்து, கூரையில் ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. ரோசலின் அக்காவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கட்டையான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி, காதுக்குமேல் பென்சில். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர்தானே இந்தியாவில வாக்கெண்ணுற வாத்தியார்? வாரும் தம்பி, எனக்குப் பக்கத்தில இரும். ஒரு இலக்கத்தை நான் விட்டாச் சொல்லும். உவையளை நம்பேலாது, வாயால எண்ணுற ஆக்கள்."

கொப்பியைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தார். மஞ்சளேறிய முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து, முத்து முத்தாக: கொழும்பு வடக்கு, கொழும்பு மத்தி, பொரளை. "இரண்டாயிரத்து ஐஞ்சைப் பாரும். கொழும்பு ஒருத்தரைச் சொல்லுது, நாடு மற்றவரைச் சொல்லுது," என்று காட்டினார். "எங்கட கொழும்பு நாடு சொல்லுறதைக் கேக்கிற பிள்ளை இல்லை." ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அந்தச் சிவப்புக் கோடு. அதற்கு அப்பால் வெள்ளை. "அப்பா சொன்னவர், சட்டத்தில இருக்கு, அதால கோடு போட்டு வை எண்டு. அவர் செத்தும் போட்டார். நான் இன்னும் கோடு போடுறன்."

முதலில் தபால் வாக்குகள் வந்தன. ஒருவர் பாதிக்கு மேலே ஏறி நின்றார். கைதட்டல். அண்ணனின் முகம் வெளிறியது. அடுத்த முடிவில் மற்றவருக்குக் கொஞ்சம் கூடியது. அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார். அதற்கடுத்த முடிவில் மூன்றாமவர் கொஞ்சம் எடுத்தார். அண்ணன் விசில் அடித்தார்.

பின்வரிசை அங்கிள் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "உவர் ஆரின்ர பக்கமப்பா? எல்லாருக்கும் கைதட்டுறார்."

"மட்டக்களப்பார், பெரிய மனசு."

"பெரிய மனசோ? இப்ப வெல்லுறவருக்கு மட்டும் தட்டேல்லை, கவனிச்சனீரோ?"

ஷெரின் பொரித்த ரோல்ஸ் தட்டோடு என் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "மாமா, லைக், ஐ ஆம் சோ நேர்வஸ். அம்மா ஓகே சொன்னா எனக்கு வீக்கெண்ட் எல்லாம் அம்மாவைப் பற்றி வொரி பண்ணத் தேவையில்ல. பட் அம்மா இஸ் அம்மா."

சுறா வறை வந்தது. பிட்டு வந்தது. தேங்காய்ப் பூ மணக்க மணக்க, ஒரு நாட்டின் தலையெழுத்தை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தோம். முன்னால் நின்றவரின் பங்கு ஐம்பதிலிருந்து வழுக்கத் தொடங்கியது. சாயங்காலம் மட்டக்களப்பு மாவட்டத்தின் முடிவு வந்தபோது அது இன்னும் கொஞ்சம் இறங்கியது. அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "என்ட ஊர் என்னைக் கைவிடல்ல," என்றார். பின்வரிசையில் ஒருவருக்கும் புரியவில்லை. ரோசலின் அக்கா மட்டும் பென்சிலை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு அடுத்த இலக்கத்தை எழுதினார்.

ஞாயிறு விடியற்காலை அண்ணன் என் போர்வையை இழுத்தார்.

"மனே, எழும்பு. ஒருத்தரும் வெல்லல்ல."

குரலில் அத்தனை ஆனந்தம். கண்ணில் தண்ணீர். தேர்தல் ஆணையம் அறிவித்துவிட்டது: யாருக்கும் பாதி இல்லை, வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படும். தவராசா அண்ணன் கண்ணாடிமுன் நின்று மூன்று சட்டை மாற்றினார். கடைசியில் முதல் சட்டையையே போட்டார்.

பத்து மணிக்குப் பன்னிரண்டாம் மாடி. ரோசலின் அக்கா காலைப் பூசைக்குப் போய் வந்திருந்தார், உடுப்புகூட மாற்றவில்லை. ஷெரின் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். இறுதி முடிவு வந்தது. நான் இலக்கங்களைத் திரும்பச் சொல்ல, அக்கா சிவப்புக் கோட்டுக்கு அப்பால், நாற்பத்திரண்டு வருஷம் வெள்ளையாகவே இருந்த அந்த இடத்தில் எழுதினார். எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா இருந்திருக்க வேணும்," என்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ரோசலின், நீங்க அண்டைக்கு சொன்ன..."

"தெரியும் அண்ணை. விடியவே தெரியும். பூசையில ஒண்டும் காதில விழேல்லை." கொப்பியை மூடினார். "நான் அதை நடக்காது எண்டு நினைச்சுத்தான் சொன்னனான். உங்களை நோகப் பண்ணாமல் இல்லை எண்டு சொல்ல வேற வழி தெரியேல்லை. எனக்கு அறுவது வயசு. ஒரு கட்டில், ஒரு தேத்தண்ணிக் கேத்தில், ஒரு செருப்பு எண்டு பழகிப்போனன். அதோட யோசிப்பம் எண்டுதானே சொன்னனான்."

"அம்மா," என்றாள் ஷெரின்.

"நீ பேசாமல் இரு பிள்ளை."

அண்ணன் சிரிக்க முயன்றார். "பரவாயில்ல, பரவாயில்ல. யோசியுங்க." அவர் கைகள் முழங்காலில் இருந்தன. ஒன்பது வருஷம் காத்திருந்த மனிதரின் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பதற்றத்தில், வாய் தவறி, நான் கேட்டுவிட்டேன்.

"அப்ப புடவை தேட செவ்வாய்க்கிழமை போக வேணாமாண்ணே?"

"என்ன புடவை?" என்றார் ரோசலின் அக்கா.

இனி மறைத்து என்ன? சொன்னேன். திருச்சியில் வாங்கியது, அரக்கு, மாம்பழ மஞ்சள் கரை, கரையில் மாங்காய் வரிசை, சுறா, இருக்கை, எல்லாம். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார், விசாரணை அதிகாரி மாதிரி.

"மீனுக்குப் பக்கத்தில வைக்கக்கூடாது எண்டு சேலையைத் தனியா இருத்தினியள்."

"ஓம்," என்றார் அண்ணன்.

"பிறகு மீனைக் கவனமாத் தூக்கிக்கொண்டு இறங்கினியள்."

"ஓம்."

"நேற்று நான் வறுத்தது அந்தச் சுறாதானோ?"

"ஓம்."

ரோசலின் அக்காவுக்கு முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு சிரிப்பு வெடித்தது. கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். ஷெரின் சிரித்தாள், நான் சிரித்தேன், கடைசியில் அண்ணனும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை நான் லீவு போடுறன். ஆம்பிளையள் ரெண்டு பேரும் போய்ச் சேலைக்கு அடையாளம் சொல்லிக் கிழிப்பியள்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணன் திங்கட்கிழமை முழுக்க என்னைக் கேட்டார். லிஃப்டில் கேட்டார். பல் தேய்த்துக்கொண்டு கேட்டார். தேர்தல் பணியில் இருப்பவன் முன்கூட்டியே முடிவு சொல்லக் கூடாது என்று சொல்லித் தப்பித்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு விமானம். பெட்டியோடே கிளம்பினேன். தொலைந்த பொருள் அலுவலகம் நகரின் நடுவில், ஒரு சுரங்க ரயில் நிலையத்துக்கு உள்ளேயே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அலமாரிகள். குடைகள், ஊன்றுகோல்கள், ஒற்றைக் கையுறைகள், ஒரு கிதார், ஒரு பல்செட். ஒரு நகரம் யோசனையில் ஆழ்ந்துபோனால் எதையெல்லாம் கைவிடும் என்று அங்கே பார்க்கலாம். வெள்ளைத் தாடி வைத்த உயரமான மனிதர் ஒருவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் வாயைத் திறக்கும் முன் என் கண் அதைக் கண்டுவிட்டது. குடைகளுக்கும் கிதாருக்கும் நடுவில், தமிழ் எழுத்து போட்ட மஞ்சள் பை.

"அதில் தின்பண்டம் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார் அவர்.

"முறுக்கு," என்றேன். அண்ணன் வீட்டுக்கென்று என் மனைவி வைத்தது.

"உணவை நாங்கள் வைத்திருப்பதில்லை. மன்னியுங்கள். நல்ல மணம்." ஒரு படிவத்தை எடுத்தார். "துணியை வருணியுங்கள்."

ரோசலின் அக்கா ஒருமுறைகூடப் பார்த்திராத புடவையை, நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னதை வைத்தே, ஒரு சொல் தவறாமல் வருணித்தார். நிறம், கரை, கரையில் வரிசையாக மாங்காய். இலக்கங்களை நினைவில் வைக்கிற மூளை. அந்த மனிதர் பையைத் திறந்து, பட்டைப் பாதி விரித்து, மெதுவாக விசிலடித்தார். பிறகு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உரிமையாளர் பெயர் வேண்டும். இது யாருடையது?"

காசு கொடுத்தவர் தவராசா அண்ணன். வாங்கிச் சுமந்து வந்தவன் நான். இரண்டு பேரும் வாயைத் திறந்தோம். அண்ணனுக்கு வார்த்தை வரவில்லை. எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

"என்னுடையது," என்றார் ரோசலின் அக்கா.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கப் போனார். பேனாதான் வேண்டும் என்று தாடிக்காரர் தன்னுடையதை நீட்டினார். அக்கா எழுதினார். கையெழுத்துப் போட்டார். பையை வாங்கி, முந்தானையைச் சரி செய்கிற மாதிரி அதன் காதுகளைச் சரி செய்து, தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அண்ணன் அசையவில்லை. குடைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் அவர் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"மனே, அவ சேலைக்குத்தானே சொன்னா?" என்று படிக்கட்டில் கேட்டார்.

"ரோசலின், நீங்க விளங்கித்தான் சொன்ன நீங்களோ?" என்று சுரங்க ரயிலில் கேட்டார். அக்கா எதிரே இருந்த விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்துக்குப் போகும் ரயில் நடைமேடையில் நின்றது. நான் பெட்டியை ஏற்றி, வாசலிலேயே நின்றேன். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். அக்கா ஒரு பொட்டலத்தைத் திணித்தார், தொட்டால் ரோல்ஸ், இன்னும் லேசாகச் சுட்டது. வெளியே ஒரு காற்று. எங்கோ யாரோ சிரிக்கிறார்கள். சிவந்த மரங்களோடு இந்த நகரம் முழுவதும் கூறை கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

அண்ணனால் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் தடவையாகக் கேட்க அக்கா பக்கம் திரும்பினார். "ரோசலின், எனக்கு இன்னும் சந்தேகமாத்தான் கிடக்கு. ஒருக்கா வடிவாச் சொல்லுங்களன்."

கதவு மூடப்போகிறது என்று ரயில் பீப் அடித்தது. நீளமான பீப், எங்கள் ஊர் நீளம். அதற்குமேல் கேட்கும்படி ரோசலின் அக்கா குரலை உயர்த்தினார்.

"இஞ்சருங்கோ, கையெழுத்து வச்சாச்சு. இனி மறு எண்ணிக்கை கேக்கப்படாது."